யூ இல்லாத கியூ: ஒரு சொல்லாட்டப் பட்டியலின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. வரலாறு, மொழியியல் பயிலும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

தில்லியில் எங்கள் ஆய்வாளர் விடுதியில் ஞாயிறு மாலைகளில் ஸ்கிராபிள் ஆடுவது வழக்கம். சென்ற வாரம் ஆட்டம் முடியும் தறுவாயில் என் கையில் கியூ மட்டும் தங்கிவிட்டது. யூ எழுத்துக் காய்கள் நான்கும் ஏற்கெனவே பலகையில் இருந்தன. விதிப்படி அந்தக் கியூவின் 10 புள்ளிகள் என் கணக்கில் கழிந்தன. காய்களை முதலில் முடித்தவரின் கணக்கில் அதே 10 கூடின. வென்ற கணிதத்துறை நண்பர் இரக்கப்பட்டுத் தன் குறிப்பேட்டிலிருந்த பட்டியல் ஒன்றைக் காட்டினார். யூ பின்தொடராமல் கியூ வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியல் அது. ஃபகீர், காதி, காயித், கனாத், காத், கோஃப், சூக், தலாக், நிகாப், உமியாக், கிந்தார், சீ என்று நீண்டது. பொருள் கேட்டேன். “பொருள் எனக்குத் தெரியாது, செல்லும் என்பது தெரியும்” என்றார்.

அவரைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். ஆனால் வரலாற்று மாணவனான எனக்கு அந்தப் பட்டியல் ஓர் ஆவணக் காப்பகத்தின் அட்டவணை போலத் தெரிந்தது. அந்தச் சொற்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலேயர் வீட்டில் பிறந்தவை அல்ல. அவை எப்படி ஆங்கிலத்துக்குள் வந்தன, ஏன் கியூ என்ற எழுத்துடன் வந்தன, ஏன் யூவை விட்டுவிட்டு வந்தன என்ற மூன்று வினாக்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஆட்டம். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தபோது இதை உருவாக்கத் தொடங்கினார். நாளிதழ்ப் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணி, அந்த விகிதத்தை ஒட்டிக் காய்களையும் புள்ளிகளையும் வகுத்தார். ஈ எழுத்துக்கு 12 காய்கள், மதிப்பு 1 புள்ளி. கியூவுக்கும் இசட்டுக்கும் ஒவ்வொரு காய், மதிப்பு 10 புள்ளிகள். ஜேம்ஸ் புரூனோ என்பவர் 1948இல் இதற்கு ஸ்கிராபிள் என்று பெயரிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆக, கியூவின் 10 புள்ளி என்பது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நாளிதழ் ஆங்கிலத்தில் அவ்வெழுத்தின் அருமையை அளந்த எண். அந்த ஆங்கிலத்தில் கியூ வந்தால் யூ கூடவே வரும் என்பது கிட்டத்தட்ட விலக்கற்ற வழக்கம்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? கியூ எழுத்தின் மூதாதை, பண்டைச் செமித்திய எழுத்துவரிசையில் உள்ள கோஃப். அது உள்நாக்கை ஒட்டி, தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒரு வல்லொலியைக் குறித்தது. ஃபினிசிய வணிகர்களிடமிருந்து கிரேக்கர் எழுத்தைக் கற்றபோது இது கொப்பா ஆயிற்று. அந்த ஒலி கிரேக்கத்தில் இல்லாமையால் நாளடைவில் பெரும்பாலும் எண்குறியாக மட்டும் எஞ்சியது. எத்ருஸ்கர் வழியாக இலத்தீனுக்குச் சென்றபோது அங்கே ஒரே ககர ஒலிக்கு சி, கே, கியூ என மூன்று எழுத்துகள் சேர்ந்துவிட்டன. பின்வரும் உயிரைப் பொறுத்து அவற்றைப் பகிர்ந்துகொண்டதில், கியூ உகரத்தின் பக்கம் ஒதுங்கியது. பழைய ஆங்கிலத்தில் இந்தக் கூட்டு இல்லை. அரசியைக் குறிக்கும் ‘குவீன்’ என்ற சொல்லைக்கூட அவர்கள் சி எழுத்தில்தான் தொடங்கினர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு, பிரெஞ்சு மரபில் பயின்ற எழுத்தர்கள் அதைக் கியூ-யூ என்று மாற்றி எழுதினர். எனவே, ஆங்கிலத்தின் இயற்கை என்று நாம் பள்ளியில் கற்ற இணை, ஒரு படையெடுப்புக்குப் பின் எழுத்தர் மேசையில் நிகழ்ந்த மாற்றம்.

இனி, இந்த இணையைப் பிரித்த சொற்களுக்கு வருவோம். அவற்றில் பெரும்பகுதி அரபு மொழியிலிருந்து வந்தவை. அரபில் இரண்டு ககரங்கள் உண்டு. ஒன்று நம்முடைய ககரத்தைப் போன்றது. மற்றொன்று கோஃபின் உடன்பிறப்பான அடித்தொண்டை ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டையும் ‘காஃப்’ என்றே எழுதவேண்டியிருக்கிறது. அரபு பேசுவோருக்கோ வேறுபாடு உயிரானது. அடித்தொண்டை ஒலியில் தொடங்கும் ‘கல்ப்’ இதயம். சாதாரண ககரத்தில் தொடங்கும் ‘கல்ப்’ நாய்.

இந்த அடித்தொண்டை ஒலியுள்ள சொற்கள் ஆங்கிலத்துக்குப் புதியவை அல்ல. கஹ்வா துருக்கி, இத்தாலி வழியாகக் காபி ஆயிற்று. குத்ன் பழைய பிரெஞ்சு வழியாகக் காட்டன் ஆயிற்று. கீராத் என்ற எடை காரட் ஆயிற்று. அல்கலீ என்பது அல்கலி ஆயிற்று. அல்குப்பா ஸ்பானிய வீடுகளின் வழியே ஆல்கோவ், அதாவது சுவர் மாடம், ஆயிற்று. இவை அனைத்துக்கும் மூலத்தில் அதே எழுத்துதான்; ஆனால் ஆங்கிலத்தில் எதிலும் கியூ இல்லை. வணிகரும் மாலுமிகளும் சமையற்காரரும் மருத்துவரும் காதால் கேட்டு வாயால் கடத்திய சொற்கள் இவை. ஒவ்வொரு துறைமுகத்திலும் ஓர் ஒலி தேய்ந்து, இலண்டனை அடைந்தபோது உள்ளூர்ச் சொல்லாகவே மாறியிருந்தன.

ஒரே சொல் இருமுறை வந்ததையும் காணலாம். நீதி வழங்குபவர் அரபில் காதி. அரபியர் ஆண்ட ஸ்பெயினில் அல்காதி என்பது அல்கால்டே ஆகி, நகரத் தலைவரைக் குறித்து, அந்த உருவிலேயே ஆங்கில அகராதியில் ஏறியது. தலைவர், தளபதி என்று பொருள்படும் காயித் அங்கேயே அல்கைடே ஆகிக் கோட்டைக் காவலரைக் குறித்தது. பின்னர் அதே இரு சொற்களும் கியூவில் தொடங்கும் காதியாகவும் காயித்தாகவும் மறுபடி நுழைந்தன. முதல் வருகை வாய்வழி. இரண்டாம் வருகை பெரும்பாலும் ஏட்டின் வழி.

அந்த ஏட்டு வழியைத் திறந்ததில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதித் திட்டம் கம்பெனியின் நீதிமன்றங்களில் முஸ்லிம் சட்ட அலுவலர்களுக்கு இடமளித்தது. அவர்களின் பதவிப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை அன்றாடம் எழுந்தது. அரபின் காதி, பாரசீகத்திலும் இந்துஸ்தானியிலும் இடையொலி மாறிக் காஜி ஆகிவிட்டிருந்தது. நம் ஊரில் பிறை கண்டதை அறிவிக்கும் தலைமைக் காஜி இந்தப் பதவியின் வழிவந்தவரே. கம்பெனி எழுத்தர்கள் காதில் விழுந்தவாறு சி-யிலும் கே-யிலும் எழுதினர். 1864ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் இந்த அலுவலர் பதவிகளை நீக்கியது. காஜிகளை நியமிக்கும் அதிகாரத்தை மீண்டும் அரசுக்கு வழங்கிய 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பில் அச்சொல் கே எழுத்தில் தொடங்குகிறது. 1886இல் வெளியான யூல், பர்னல் ஆகியோரின் ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அதைச் சி-யில் பதிவுசெய்தது. இன்று பிரிட்டன் வழிச் சொல்லாட்டப் பட்டியலில் இச்சொல் சி, கே, கியூ ஆகிய மூன்று தொடக்கங்களுடனும் செல்லும். ஆட்டக்காரருக்கு மூன்று வாய்ப்புகள். வரலாற்றாய்வாளருக்கு மூன்று எழுத்து மரபுகளின் தடம்.

எழுத்துக்கு எழுத்து துல்லியமாகப் பெயர்க்கவேண்டும் என்ற கவலையும் இதே சூழலில் வளர்ந்தது. கல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ், அதன் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியிலேயே (1788) ஆசியச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதும் முறை பற்றிக் கட்டுரை வரைந்தார். 1894இல் ஜெனீவாவில் கூடிய கீழ்த்திசையியல் மாநாடு வடமொழிக்கும் அரபுக்கும் பொதுமுறை வகுக்க முயன்றது. அடித்தொண்டைக் காஃபுக்கு இரு தீர்வுகள் போட்டியிட்டன: கீழே புள்ளியிட்ட கே, அல்லது யூ இல்லாத கியூ. இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தின் முதல் இரு பதிப்புகள் புள்ளியிட்ட கே-யைக் கையாண்டன. 2007இல் தொடங்கிய மூன்றாம் பதிப்பு கியூவுக்கு மாறியது. வேலையற்றுக் கிடந்த கியூவுக்கு இப்படித்தான் அதன் மூதாதையின் ஒலி திரும்பக் கிடைத்தது. அதற்கு யூவின் துணை தேவைப்படவில்லை.

பழைய பழக்கம் எளிதில் விடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. காயிதே ஆசம், காயிதே மில்லத் ஆகிய பட்டங்களில் உள்ள காயித் இதே சொல்தான். ஆனால் இந்தத் துணைக்கண்டத்தில் அவற்றை ஆங்கிலத்தில் எழுதுவோர் கியூவுக்குப் பின் ஒரு யூவைச் சேர்த்தே எழுதுகின்றனர். சென்னையில் காயிதே மில்லத் பெயர் தாங்கிய அரசு மகளிர் கல்லூரியின் ஆங்கிலப் பெயரிலும் அந்த யூ உண்டு. ஒலிக்குத் தேவையில்லை, ஆங்கிலம் கற்ற கைக்குத் தேவைப்பட்டது.

அரபுக்கு வெளியேயிருந்து வந்த கியூக்கள் வேறு வகையின. அவை அரசுகளும் மக்களும் தம் எழுத்தைத் தாமே தீர்மானித்ததன் விளைவுகள். அல்பேனியாவின் சிறு நாணயமான கிந்தாரில் உள்ள கியூ அடித்தொண்டை ஒலி அன்று. நாவின் நடுப்பகுதி அண்ணத்தைத் தொட எழும் ஒலி. உதுமானியப் பேரரசின் கீழ்ப் பல எழுத்துமுறைகளில் சிதறிக் கிடந்த அல்பேனிய மொழிக்கு 1908இல் மனாஸ்திர் மாநாட்டில் இலத்தீன் எழுத்துமுறை வகுக்கப்பட்டபோது, அந்த ஒலிக்குரிய எழுத்தாகக் கியூ நிலைபெற்றது. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லான ‘சீ’, பிரித்தானிய அலுவலரான வேடும் பின்னர் கைல்ஸும் அமைத்த முறையில் சி-எச்-ஐ என்று, நடுவில் ஒரு மேற்குறியுடன் எழுதப்பட்டது. 1958இல் சீன அரசு பின்யின் முறையை ஏற்றபோது அது கியூ-ஐ ஆயிற்று. பீக்கிங்கில் எடுத்த அம்முடிவு 2006இல் அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் ஈரெழுத்துச் சொல்லாக வந்து சேர்ந்தது. கியூவைக் கழிக்க இதைவிட எளிய வழி இல்லை என்பதால், போட்டிகளில் இன்று அடிக்கடி விழும் சொற்களுள் அதுவும் ஒன்று.

வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களின் தோல் படகைக் குறிக்கும் உமியாக், கே-யில் முடிவதும் உண்டு, கியூவில் முடிவதும் உண்டு. அவர்களின் மொழியிலும் அடித்தொண்டை வல்லொலி உண்டு. கிரீன்லாந்தில் அதற்கெனச் சாமுவேல் கிளைன்ஷ்மிட் என்ற மதப்பணியாளர் 19ஆம் நூற்றாண்டில் தனிக்குறி ஒன்றை வழங்கினார்; 1973இன் எழுத்துச் சீர்திருத்தம் அதைக் கைவிட்டுக் கியூவை ஏற்றது. திமிங்கில வேட்டைக்காரர் காதில் விழுந்த உமியாக் கே-யில் முடிந்தது. இனுயிட் எழுத்துமுறையைப் பின்பற்றிய உமியாக் கியூவில் முடிகிறது.

இவற்றிலிருந்து நான் முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான். யூ இல்லாத கியூ, ஒரு சொல் காதின் வழியே வராமல் கண்ணின் வழியே வந்தது என்பதன் அடையாளம். இது விலக்கற்ற விதி அன்று. நாளிதழ்களும் நாவல்களும் இடையில் புகுந்து எழுத்துகளைக் கலைத்திருக்கின்றன. ஆயினும் போக்கு தெளிவானது. கியூ நிற்கும் இடத்தில், அந்நிய ஒலி ஒன்று இங்கே இருந்தது, அதை நாங்கள் எங்கள் ஒலியாக மாற்றிவிடவில்லை என்று எழுத்து ஒப்புக்கொள்கிறது.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறான வழியைக் கொண்டது. வடசொல்லை ஏற்கும்போது வட எழுத்தை விலக்கித் தமிழ் எழுத்தால் புனையச் சொல்வது தொல்காப்பிய நெறி. அதனால்தான் ஃபகீர் நமக்குப் பக்கிரி ஆனார். ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும் கலந்து, அரபு நினைவே இல்லாமல் வாழ்கிறார். ஆங்கிலமோ ஃபகீரைக் கே-யிலும் கியூவிலும், யூ சேர்த்தும் சேர்க்காமலும் பலவாறு எழுதிவைத்து, அத்தனையையும் அகராதியில் ஏற்றிக்கொண்டது. எந்த வழி மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றில் சொல் குடியேறிவிடுகிறது, மற்றொன்றில் தன் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே திரிகிறது.

இனி, விடுதி நண்பரின் “பொருள் எனக்குத் தெரியாது” என்ற விடைக்குத் திரும்புகிறேன். சொல்லாட்ட உலகில் அது குறைபாடு அன்று. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனனம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சொற்கள் காய்கள் மட்டுமே என்ற வாதத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிரிட்டனில் 1982இல் ஒரே சொல்லுக்கு 392 புள்ளிகள் பெற்ற சாதனை ‘கசீக்ஸ்’ என்ற சொல்லால் நிகழ்ந்தது. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் தம் தலைவர்களை அழைத்த சொல், ஸ்பானியர் வாயில் மருவி வந்தது. கொலம்பஸ் வந்திறங்கிய பின் சில பத்தாண்டுகளுக்குள் நோயாலும் அடிமைத்தனத்தாலும் அம்மக்களில் மிகப் பெரும்பாலோர் மாண்டனர். அவர்களின் தலைவர் பெயர் ஆட்டப் பலகையில் சாதனையாக நிற்கிறது.

ஆனால் சொல்லாட்ட உலகமே இந்த வாதத்தை முழுமையாக ஏற்கவில்லை. 1990களில் அமெரிக்காவில் இழிசொற்களை நீக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, வீடுகளுக்கான அகராதியில் அவற்றை நீக்கிப் போட்டிகளுக்கான பட்டியலில் வைத்துக்கொண்டனர். 2020இல் வட அமெரிக்க ஆட்டக்காரர் சங்கம் தன் பட்டியலிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட வசைச்சொற்களை நீக்கியது. மறு ஆண்டு, உலகின் பிற பகுதிகளில் உரிமை பெற்ற மாட்டெல் நிறுவனம் ஏறத்தாழ 400 சொற்களை நீக்கியது. பொருள் இல்லாத காய் என்றால் ஏன் நீக்க வேண்டும் என்று ஒரு சாரார் எதிர்த்தனர். அவர்களின் தருக்கம் சீரானதே. எனினும், பலகையில் தன்மீது வீசப்பட்ட வசையைக் கண்டும் அதைக் காயாக மட்டும் எண்ணும்படி ஒருவரிடம் கேட்பது எளிதன்று.

இங்கே நம்மைத் தொடும் சொல் ஒன்று உண்டு. பறையர் என்ற தமிழ்ச் சமூகப் பெயர் போர்த்துகீசியர் வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தை அடைந்தது. வாய்வழி வந்த சொல் என்பதால் அதன் றகரம் கரைந்தது. எழுத்தில் அந்நியத் தடம் எதுவும் எஞ்சவில்லை. ‘பரையா’ என்பது இன்று விலக்கிவைக்கப்பட்டவர், ஒதுக்கப்பட்ட நாடு என்ற பொதுப் பொருளில் உலக நாளிதழ்களில் தடையின்றி வழங்குகிறது. சொல்லாட்டப் பட்டியல்களிலும் அது நீடிக்கிறது, 11 புள்ளி. வாழும் ஒரு சமூகத்தின் பெயரையே இழிவின் பெயராக்கிய சொல் அது. ஆனால் ஆங்கில எழுத்தை முழுதாக உடுத்திவிட்டதால், அது யாருடைய பெயர் என்ற கேள்வியே பலருக்கு எழுவதில்லை. தன் அந்நியத்தை எழுத்திலேயே காட்டும் கியூ சொற்களைப் பார்த்து நாம் பொருள் கேட்கிறோம். இதைப் பார்த்துக் கேட்பதில்லை.

அதே போலத் தலாக். ஆட்டத்தில் 14 புள்ளி. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உடனடி முத்தலாக்கைச் செல்லாதென்று தீர்ப்பளித்தபோதும், 2019இல் நாடாளுமன்றம் அதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியபோதும், அந்தச் சொல் எத்தனை பெண்களின் வாழ்வையும் எத்தனை அரசியலையும் சுமந்து நின்றது என்பதை நாம் பார்த்தோம். அவ்வாண்டுகளின் நாளிதழ்களை இன்று ஒருவர் எடுத்து எண்ணினால், பட்ஸ் எண்ணியபோது கிடைத்த கியூவின் விகிதம் கிடைக்காது.

ஆட்டக்காரர்கள் பட்டியலை மனனம் செய்யட்டும், அதில் தவறில்லை. நானும் அதைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். அரிய எழுத்துடன் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கண்டால், அது எந்த வழியாக வந்தது, யாருடைய காது கேட்டது, யாருடைய கை எழுதியது என்று தேடிப்பாருங்கள். அரிய எழுத்து இல்லாத சொற்களிடம் அதே கேள்வியை இரட்டிப்பாகக் கேளுங்கள். இவ்வகைச் சொற்களின் தமிழ் வடிவங்கள், குறிப்பாக நீதிமன்ற, வருவாய்த்துறை வழக்கில் உள்ளவை உங்களுக்குத் தெரிந்திருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பயனுள்ள ஒரு தொகுப்பு உருவாகும்.